1966: ஆஸ்திரேலியா பவுண்டை விட்டு டாலருக்கு வந்த வருஷம்

ஆஸ்திரேலியாவின் 1966 என்றால் பிரதமர் மென்சீஸ் பதவி விலகியதையும், வியட்நாமில் நடந்த லாங் டான் சண்டையையும்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஆனால் அந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்த மாற்றம் பிப்ரவரி 14, திங்கட்கிழமை வந்தது. அன்றுதான் பவுண்ட், ஷில்லிங், பென்ஸ் கணக்கு போய் டாலர், சென்ட் கணக்கு தொடங்கியது.

பழைய கணக்கில் 12 பென்ஸ் (ஒன்று மட்டும் என்றால் பென்னி) ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். அதாவது பவுண்டுக்கு 240 பென்ஸ். இதைப் பத்தின் மடங்காக்க இரண்டு வழி உண்டு. பவுண்டை அப்படியே வைத்துக்கொண்டு நூறாகப் பிரிக்கலாம். 1957-இல் இந்தியா ரூபாயை வைத்துக்கொண்டு 100 நயா பைசா ஆக்கியது இந்த மாதிரிதான். ஆனால் பவுண்டை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு 2.4 பென்ஸ் வரும். அன்றாடச் சில்லறைக்கு அது பெரிது. அரைச் சில்லறையும் அடிக்க வேண்டிவரும். 1971-இல் பிரிட்டன் இந்த வழியில் போய், புது அரைப் பென்னியும் அடித்தது. ஆஸ்திரேலியா இரண்டாவது வழியை எடுத்தது. 10 ஷில்லிங்கை ஒரு டாலர் என்று வைத்தது. அப்போது ஒரு சென்ட் 1.2 பென்ஸ், பழைய பென்னிக்கு மிகப் பக்கத்தில் நிற்கும். தென்னாப்பிரிக்கா 1961-இல், இதே பிப்ரவரி 14 அன்று, இதே 10 ஷில்லிங் அளவில் மாறியிருந்தது. என் பார்வையில் இந்த ஒரு முடிவில்தான் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது.

மீதிப் பாதி, பழைய ஒவ்வொன்றுக்கும் புதிதில் நேர் ஜோடி வைத்ததில் இருக்கிறது. 10 ஷில்லிங் நோட்டு பழுப்பு. 1 டாலரும் பழுப்பு. 1 பவுண்ட் பச்சை; 2 டாலரும் பச்சை. 5 பவுண்டும் 10 டாலரும் நீலம். 10 பவுண்டும் 20 டாலரும் சிவப்புச் சாயல். எண்ணைப் படிக்கத் தடுமாறுகிறவர்கூட நிறத்தைப் பார்த்துக் கொடுத்துவிடலாம். 5 டாலருக்குப் பழைய வரிசையில் ஜோடி கிடையாது. அதனால் அந்த நோட்டை 1966-இல் வெளியிடாமல், மக்கள் பழகிய பிறகு 1967-இல்தான் விட்டார்கள்.

நாணயத்திலும் அப்படித்தான். 5 சென்ட் 2.83 கிராம், 10 சென்ட் 5.65, 20 சென்ட் 11.31. இவை முறையே 6 பென்ஸ், 1 ஷில்லிங், 2 ஷில்லிங் நாணயங்களின் அளவும் எடையும்தான். பழையதும் புதியதும் ஒரே பையில் கலந்து ஓடலாம். ஜோடி இல்லாமல் போனவை அரைப் பென்னி, பென்னி, 3 பென்ஸ். சிக்கல் முழுக்க அங்கேதான் வந்தது.

மாற்றும் முறை இது. 3 பவுண்ட் 17 ஷில்லிங் 8 பென்ஸ் என்று ஒரு பில் இருக்கிறது. பவுண்டை இரண்டால் பெருக்கு: 6 டாலர். ஷில்லிங்கைப் பத்தால் பெருக்கு: 170 சென்ட். 8 பென்ஸை 1.2-ஆல் வகுத்தால் 6.67, அதாவது 7 சென்ட். மொத்தம் 7 டாலர் 77 சென்ட். பவுண்டிலும் ஷில்லிங்கிலும் பிசகே வராது. பென்ஸில் 6-உம் 12-உம் மட்டும் சுத்தமாக 5, 10 என்று விழும். மற்றவற்றை முழுமையாக்கினால் 1-க்கு 1, 2-க்கு 2, 4-க்கு 3, 5-க்கு 4, 7-க்கு 6, 8-க்கு 7, 10-க்கு 8, 11-க்கு 9. 3 பென்ஸும் 9 பென்ஸும் சரியாக அரையில் நிற்கும் (2½, 7½). ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றினால்தான் நியாயம். இரண்டையும் ஏற்றினால் கடைக்காரர் பக்கம் சாயும்.

ஆகவே மொத்தத்தைக் கூட்டிய பிறகே மாற்ற வேண்டும், ஒவ்வொரு பொருளாக மாற்றக் கூடாது. ஒரு பென்னி மிட்டாய் பன்னிரண்டு வாங்கினால் ஒரு ஷில்லிங், அதாவது 10 சென்ட். ஒவ்வொன்றையும் 1 சென்ட் ஆக்கினால் 12 சென்ட். விலை ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. சாதாரணக் கடிதத்துக்கு 5 பென்ஸாக இருந்த தபால்தலை 4 சென்ட் ஆனது. பன்னிரண்டு கடிதத்துக்கு 5 ஷில்லிங், அதாவது 50 சென்ட், போன இடத்தில் இப்போது 48. சில்லறை கொடுப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: பழைய பென்னிகளை ஆறு ஆறாகச் சேர்த்துக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

கல்லா மெஷின், கூட்டல் மெஷின், விலை காட்டும் தராசு எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முடியாது. அதனால் இரண்டு பணமும் சேர்ந்து ஓட இரண்டு வருஷம் ஒதுக்கினார்கள். வேலை முன்னதாகவே முடிந்து, 1967-இலேயே அந்த இடைக்காலம் நிறைவுற்றது. பெயரில் மட்டும் ஒரு சறுக்கல். 1963-இல் புதுப் பணத்துக்கு 'ராயல்' என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில மாதங்களில் கைவிட்டார்கள். அப்போது நிதியமைச்சராக இருந்தவர் ஹெரால்ட் ஹோல்ட். டாலர் வந்த நாளில் அவர்தான் பிரதமர்.

சேகரிப்பாளர்கள் தேடுவது 1966-இன் வட்டமான 50 சென்ட். 80 சதவீதம் வெள்ளி, 13.28 கிராம், 31.5 மில்லிமீட்டர். இரண்டு குறை அதில். ஒன்று, 28.5 மில்லிமீட்டர் 20 சென்ட்டோடு கையில் குழம்பியது. இரண்டு, வெள்ளி விலை ஏறியதும் நாணயத்தின் மதிப்பைவிட உலோகத்தின் மதிப்பு கூடிவிட, மக்கள் அதைப் பதுக்கினார்கள். 1969-இல் பன்னிரண்டு பக்கம் கொண்ட செப்பு-நிக்கல் நாணயம் வந்தது. வட்டமாக இருந்து 1966 என்று போட்டிருந்தால் அது வெள்ளிக் காசு. காந்தம் வைத்துப் பார்ப்பது வீண். வெள்ளி, செப்பு-நிக்கல் இரண்டுமே ஒட்டாது. எடை போடுங்கள், பாலிஷ் போடாதீர்கள்.

நோட்டுகளில் எனக்கு வருத்தம் தருவது 1 டாலர்தான். அதன் பின்பக்க ஓவியம் வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லாண்டைச் சேர்ந்த பழங்குடிக் கலைஞர் டேவிட் மாலாங்கியின் மரப்பட்டை ஓவியத்திலிருந்து எடுத்தது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்தபின் ரிசர்வ் வங்கி ஆளுநர் கூம்ப்ஸ் தலையிட, மாலாங்கிக்கு 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கிடைத்தன. பழங்குடிக் கலைஞர்களின் உரிமை பற்றிய பேச்சு அந்த நாட்டில் வலுத்ததற்கு இந்த நோட்டும் ஒரு காரணம்.

பணத்தைத் தவிர வேறு மாற்றங்களும் அந்த வருஷம் வந்தன. 1966 மார்ச்சில்தான் ஐரோப்பியர் அல்லாதவர்களும் தகுதி பார்த்துக் குடியேறலாம் என்று அரசு கதவைத் திறந்தது. பின்னாளில் தமிழர்கள் அங்கே போக முடிந்ததன் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. அதே மார்ச்சில், வடக்குப் பிரதேசத்தின் கால்நடைப் பண்ணைகளில் வேலை செய்யும் பழங்குடியினருக்கும் சம ஊதியம் தர வேண்டும் என்று நடுவர் ஆணையம் தீர்ப்பளித்தது. ஆனால் அமலுக்கு வரும் நாளை 1968 டிசம்பருக்குத் தள்ளியது. ஒரு நாட்டின் பணம் முழுவதையும் மாற்ற இரண்டு வருஷம் போதும் என்று கணக்கிட்ட அதே சமயத்தில், சம ஊதியத்துக்கு அதைவிட நீண்ட தவணை கொடுத்தது அநியாயம். ஆகஸ்ட் 23 அன்று வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் குரிந்ஜி பழங்குடி மக்கள் சுமார் 200 பேர் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் கேட்ட கூலி வாரத்துக்கு 25 டாலர். போராட்டம் சீக்கிரமே கூலியைத் தாண்டி நிலத்துக்கானதாக மாறியது. 1975-இல் பிரதமர் விட்லம் அங்கே போய், நிலத்தின் ஒரு பகுதியை அவர்களிடம் ஒப்படைத்தார்.