முன்சக்கர பேரிங் மாற்றிய நாள்

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்கு வரும் வழியில், எங்கள் பழைய வேனின் முன்பக்கம் எழுந்த முனகல் இடப்புறம் திரும்பும்போதெல்லாம் கூடியதால், எடை சாயும் வலச்சக்கரத்தின் பேரிங்தான் தேய்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது 'டொக் டொக்' என்று ஆட்டம் தெரிந்தது.

சக்கரத்தின் நடுவே பேரிங் அமரும் ஹப்பைக் கழற்றி, கருத்துப்போன கிரீஸைத் துடைத்துப் பார்த்தால், உருளைகள் ஓடும் வளையத்தின் உட்புறம் முழுவதும் அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழுந்திருந்தன. பழைய வளையத்தை விட்டுவிட்டு உருளைகளை மட்டும் மாற்றுவது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து. புதிய பேரிங்கை உள்ளங்கைக் கிரீஸில் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை நிரப்பினேன். சக்கரத்தைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பின்னர் சற்றே தளர்த்தி, நட்டு கழன்றுவிடாமல் பிடிக்கும் ஊசியான காட்டர் பின்னைப் புதிதாக மாட்டினேன். இறுக்கம் மிகுந்தால் பேரிங் சூடேறிக் கெட்டுவிடும். நான்குநேரிவரை ஓட்டிப்போய் ஹப்பைத் தொட்டேன், இளஞ்சூடுதான் இருந்தது.