பலேர்மோ: பல கைகள் கட்டிய நகரம்

சிசிலியின் தலைநகரான பலேர்மோவின் பேராலயத்தில், தெற்கு வாயில் மண்டபத்துத் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. தேவாலயமாக இருந்து, 831இல் அரபியர் நகரைக் கைப்பற்றிய பின் பள்ளிவாசலாகி, 1072இல் வட பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் வென்றதும் மீண்டும் தேவாலயமான இடம் இது. 15ஆம் நூற்றாண்டில் இம்மண்டபத்தை எழுப்பியவர்கள் அந்த எழுத்துகளைச் சிதைக்காமல் தூணை அப்படியே நிறுத்தினார்கள்.

இத்தாலி என்றதும் ரோமையும் வெனிஸையும் மட்டும் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1130இல் முடிசூடிய நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜர் தம் அரண்மனைக்குள் கட்டிய சிற்றாலயத்தில், சுவர்களில் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) கலைஞர்களின் பொன் மொசைக்குகள் ஒளிர, மேலே இஸ்லாமியக் கைவினைஞர்கள் தேன்கூட்டு வடிவில் அடுக்கிய மரக்கூரை விரிகிறது. அதில் யாழ் மீட்டுவோரும் மது அருந்துவோரும் சதுரங்கம் ஆடுவோரும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். ஒரு கிறிஸ்தவ மன்னர் வழிபட்ட இடத்தின் கூரை இது என்பதுதான் வியப்பு. அவருக்காகவே புவியியலாளர் அல் இத்ரீசி 1154இல் தெற்குத் திசையை மேலே வைத்து உலகப் படத்தை வரைந்து முடித்தார். லா ஸீஸா அரண்மனையில் உள்ள 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்லோ, அன்னா என்ற பெண்மணியின் மறைவை லத்தீன், கிரேக்கம், அரபு ஆகியவற்றோடு ஹீப்ரு எழுத்திலும் சொல்கிறது.

இந்த இணக்கம் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் சிசிலியின் முஸ்லிம்கள் இத்தாலிய நிலப்பகுதியிலுள்ள லூச்சேரா நகருக்கு நாடு கடத்தப்பட்டனர். அப்போது சிசிலியையும் ஆண்ட ஸ்பானிய மன்னரின் 1492ஆம் ஆண்டு அரசாணை யூதர்களையும் வெளியேற்றியது.

அண்மைக் காலமும் எளிதாக இருக்கவில்லை. 1943இல் குண்டுவீச்சு, அதன்பின் மாஃபியாவின் துணையோடு பழைய மாளிகைகளை இடித்த கட்டட வேட்டை, 1992இல் மாஃபியாவை விசாரித்த நீதிபதிகள் ஃபால்கோனே, போர்செல்லினோ ஆகியோரின் படுகொலை. அந்தக் கொலைகளுக்குப் பிறகு மக்கள் சன்னல்களில் வெள்ளைத் துணிகளைத் தொங்கவிட்டு மாஃபியாவை வெளிப்படையாக எதிர்த்தார்கள். 1974இல் மூடப்பட்ட மாஸ்ஸிமோ ஓபரா அரங்கம் 1997இல் மீண்டும் திறக்கப்பட்டது, அந்த மாற்றத்தின் அடையாளமாகவே பார்க்கப்பட்டது. 2015இல் அரபு-நார்மானியக் கட்டடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. 2018இல் பலேர்மோ இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகரானது.

பல்லாரோ சந்தையில் கொண்டைக்கடலை மாவில் பொரித்த பனெல்லேயை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். சுடச்சுடச் சாப்பிட வேண்டும். அந்தப் பகுதியில் இலங்கைத் தமிழர்களும் வாழ்கிறார்கள். 1624இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்ததாக நம்பப்படும் புனித ரோசாலியாவின் குகைக்கோயிலுக்கு, பெல்லெக்ரீனோ மலையேறிச் செல்வோரில் தமிழ்க் கத்தோலிக்கரோடு தமிழ் இந்துக்களும் உண்டு.