வாயை முகர்ந்து பார்க்கும் வேலை

"இன்னைக்கு எத்தனை கிலோ இலை போட்டீங்க?"

சாயங்காலம் ஆறு மணிக்குக் கணவர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடுப்படியிலிருந்து வருகிற கேள்வி இது. கேட்பவருக்கு எடை முக்கியமில்லை. பதில் சொல்ல அவர் வாயைத் திறக்க வேண்டும், வாடை அடிக்கிறதா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். சட்டைப் பையைத் துழாவுவது, பைக் சீட்டைத் தூக்கிப் பார்ப்பது, படியேறுகிற சத்தத்தை வைத்தே எத்தனை கட்டிங் என்று கணக்குப் போடுவது எல்லாம் பத்துப் பதினைந்து வருடத்தில் கைவந்த வேலைகள். அவர் ஆஸ்பத்திரியில் தெளிந்து வந்த பிறகும் இந்த வேலை நிற்பதில்லை. குடியை விட்டவர் தினமும் சொந்த வீட்டு வாசலில், நீலகிரி மலை ஏறும் வழியில் பர்லியார் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டிலுக்காகப் பையைத் திறந்து காட்டுகிற மாதிரி நிற்கிறார். கொஞ்ச நாளில் "எப்படியும் நம்பப் போறதில்ல, குடிச்சாத்தான் என்ன" என்கிற இடத்துக்கு வந்துவிடுகிறார்.

குடிநோய்ச் சிகிச்சையில் குடும்பத்தையும் உட்கார வைப்பது எதற்கென்றால், முதலில் இதற்குத்தான்: அந்தக் காவல் வேலையை வீட்டுக்காரம்மா தலையிலிருந்து இறக்குவதற்கு. பெரியவர்களைக் கூட்டி அவரைத் திட்டுவதற்கோ, "பழசையெல்லாம் மறந்துடும்மா" என்று மனைவியைச் சமாதானப்படுத்துவதற்கோ இல்லை. அதற்குப் பஞ்சாயத்து என்று பேர். அது ஏற்கெனவே நாலைந்து தடவை நடந்து முடிந்திருக்கும்.

முதலில் உடம்பு தெளிய வேண்டும். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வரும், இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரியும். இது உயிரை எடுக்கக்கூடியது. ஆகவே அறையில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், முன்பு வலிப்பு வந்தவரை நிச்சயமாகக் கூடாது. ஆஸ்பத்திரியில் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து ஏழு முதல் பத்து நாளில் இதைத் தாண்ட வைப்பார்கள். அந்த நாட்களில் அவரிடம் சத்தியம், மன்னிப்பு, பத்திரத்தில் கையெழுத்து எதையும் வாங்க வேண்டாம். ஞாபகமும் நிதானமும் முழுசாகத் திரும்ப இன்னும் சில வாரம் ஆகும். படுக்கையில் சொன்னது அவருக்கு நினைவிருக்காது, உங்களுக்கு மறக்காது. அடுத்த சண்டை அங்கிருந்துதான் தொடங்கும்.

சேர்த்து உட்கார வைக்கும் முன்பு மனைவியிடம் தனியாகப் பேசியே ஆக வேண்டும். இதைத் தவிர்க்கிற ஆலோசகரை நம்பாதீர்கள். அடி உண்டா, கழுத்தை நெரித்தது உண்டா, அரிவாளைத் தூக்கியது உண்டா, பிள்ளைகள் மேல் கை வைத்தது உண்டா என்பதெல்லாம் அவர் பக்கத்தில் இருக்கும்போது வாயிலிருந்து வராது. வந்தால் அன்று இரவு வீட்டில் அதற்குக் கணக்குத் தீர்க்கப்படும். உயிருக்கு ஆபத்தான அளவில் வன்முறை இருந்தால் கூட்டு அமர்வு கிடையாது. முதலில் பாதுகாப்பு: பெண்கள் உதவி எண் 181, மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். மனைவி மேல் காரணமில்லாத சந்தேகம் இருக்கிறதா என்றும் அந்தத் தனிப் பேச்சில்தான் கேட்க முடியும். குடியோடு வருகிற சந்தேகம் பலருக்குக் குடி நின்றதும் குறையும். குடிக்காமல் ஒரு மாதம் ஆன பிறகும் அது அப்படியே இருந்தால் பேச்சால் தீர்க்கப் பார்க்க வேண்டாம், மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு.

மாமியாரோடும் ஒரு தடவை தனியாகப் பேசுவது நல்லது. பிள்ளை நடுங்குகிறானே என்று முந்தானையில் முடிந்த நூறு ரூபாயை எடுத்துக் கொடுக்கிற கை பெரும்பாலும் அவருடையது. மருமகள் முன்னால் இதைச் சொன்னால் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். தனியாக, "அந்த நூறு ரூபாய் எங்க போகுதுன்னு பார்க்கலாமா அம்மா" என்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

இனி, காவலுக்குப் பதிலாக என்ன வைப்பது? தம்பதியர் சிகிச்சையில் இதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. தினசரி ஒப்பந்தம் என்று சொல்லலாம். காலையில், வேலைக்குக் கிளம்பும் முன்பு, இருவரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். இரண்டு நிமிடம் போதும். அவர் சொல்வது: "நேத்து குடிக்கல. இன்னைக்கும் குடிக்க மாட்டேன். கூட இருக்கிறதுக்கு நன்றி." மனைவி சொல்வது: "நேத்து குடிக்காம இருந்ததுக்கு நன்றிங்க. இன்னைக்கு நான் இதப் பத்திப் பேச மாட்டேன்." மருத்துவர் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை) எழுதியிருந்தால் அதையும் இந்த நேரத்திலேயே மனைவி பார்க்க விழுங்குவது. பிறகு காலண்டரில் அன்றைய தேதியில் ஒரு குறி. முடிந்தது. மனைவியின் இரண்டாவது வாக்கியம்தான் இதில் உயிர்நாடி. பழைய குடியைப் பற்றியோ நாளைய பயத்தைப் பற்றியோ வீட்டில் பேச்சு இல்லை. அது அடுத்த அமர்வுக்கு. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருப்பதை ஒரு தாளில் எழுதி அன்றைக்குக் கொண்டு வரலாம்.

எழுதிப் பார்த்தால் இது நாடகம் மாதிரி இருக்கும். முதல் இரண்டு வாரம் இருவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். வெட்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமை விட்டுவிடுவார்கள். விட்ட நாளே திங்கட்கிழமை சந்தேகமாக மாறும். இன்னொரு கோளாறு, "இன்னைக்காவது" என்கிற ஒரு சொல்லை மனைவி சேர்த்துவிடுவது. அந்த ஒரு சொல்லில் நன்றி குத்தலாகிவிடுகிறது. மூன்றாவது, மாத்திரையை மனைவி நீட்டுவது. அவரேதான் எடுத்து வர வேண்டும். நீட்டினால் பழைய காவல் வேலை புது உடுப்பில் திரும்பி வந்துவிடும். மைசூருக்கோ கோயம்புத்தூருக்கோ வண்டி ஓட்டிப் போகிறவர் போனில் செய்யலாம், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன்பு. முந்தின இரவு குடித்துவிட்டார் என்றால் அன்று காலை இதைச் செய்யவே வேண்டாம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ராத்திரி பத்து மணிக்கு முடித்தது காலை ஆறு மணிக்கும் ரத்தத்தில் மிச்சமிருக்கலாம். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்ஹட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் காலை ட்ரிப் எடுக்கும் டிரைவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

டைசல்ஃபிராம் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று பேர் தெரியாத பொடிகள் விற்கப்படுகின்றன. அதில் இந்த மருந்தே இருந்தாலும், அவருக்குத் தெரியாமல் கொடுப்பது கொலைக்குச் சமமான ஆபத்து. மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆள் சாகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த எதிர்வினை வரலாம். சம்மதத்தோடு, ஈரல் பரிசோதனைக்குப் பிறகு, கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்குவார்கள். ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கும் கூடாது.

"குடித்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே விடுங்கள், காலையில் அவரே பார்க்கட்டும்" என்று வெளிநாட்டுக் கையேடுகளில் ஒரு அறிவுரை வரும். பின்விளைவை மறைத்துத் துடைக்காதே என்கிற பொருளில் அது சரி. வாந்தியை அவரே கழுவட்டும், மேஸ்திரியிடம் "காய்ச்சல்" என்று உங்கள் வாயால் பொய் சொல்ல வேண்டாம். ஆனால் உதகையில், கொடைக்கானல் பக்கத்து மன்னவனூரில், மார்கழி தை உறைபனியில் ஒருவரை வெளியே விட்டால் காலையில் பிணம்தான் கிடைக்கும். குளிருக்கு இதமாக ஒரு கட்டிங் என்பது இந்த மலைகளில் எல்லோரும் நம்புகிற பொய். மது தோலுக்கடியில் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடாக இருப்பதுபோலத் தோன்றும்போதே உடம்பின் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். எனவே உள்ளே கொண்டுவந்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கம்பளியைப் போர்த்துங்கள். கரி கணப்பை மட்டும் அந்த மூடிய அறையில் வைக்காதீர்கள், அதன் புகையில்லாத நஞ்சு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எழுப்பினாலும் எழாமல், மூச்சு விட்டு விட்டு வந்தால் 108. மற்றபடி அன்றிரவு ஒரு கேள்வியும் வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதுதான் எல்லா வீட்டிலும் முதல் யோசனை. சின்னப்பிள்ளை மாதிரி நடத்தப்படுகிறவர் கடைக்காரரிடமும் கூட்டாளியிடமும் கைமாற்று வாங்குவார், அது உங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அமர்வில் இருவரும் சேர்ந்து கடன் பட்டியல் எழுதுவது முதல் வேலை: மகளிர் குழுத் தவணை, வட்டிக்காரர், மளிகைக் கடை பாக்கி, யாருக்கும் சொல்லாத பாக்கி. கடைசி இனம் வெளிவர இரண்டு மூன்று அமர்வு ஆகும். அதற்காகக் கோபித்தால் அதற்கடுத்தது வராது. பிறகு பஸ், டீ, போன் செலவுக்கு வாரத்துக்கு ஒரு தொகையை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, அதை மட்டும் ரொக்கமாக வைத்துக்கொள்வது. 3 மாதத்தில் மறுபடி பேசிக் கூட்டுவது. சீசன் வேலை பார்க்கிறவர்களுக்கு ஏப்ரல், மே மாதம் தனிக் கணக்கு வேண்டும். காட்டேஜில் விருந்தினர் விட்டுப்போன அரை பாட்டிலும் கையில் வருகிற டிப்ஸும் ஒரே நாளில் சேரும். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த ஆபத்து தீபாவளி போனஸ். பணம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அது எங்கே போகும் என்று எழுதி முடித்திருக்க வேண்டும்.

விரத காலத்தையும் சொல்ல வேண்டும். ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்களிலும், பழனிக்கு நடக்கிற தைப்பூச விரதத்திலும் ஒரு சொட்டு தொடாதவர்கள் இங்கே ஏராளம். தன்னால் முடியும் என்பதற்கு அது உண்மையான சான்று, அதைக் குறைத்துப் பேசவே கூடாது. அந்த நாட்களில் என்ன இருந்தது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்: அதிகாலைக் குளியல், சாயங்காலம் போக ஓரிடம், கூட்டாளிகள் மாறியது, வீட்டில் "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிட்டது. மாலையைக் கழற்றும் நாளில் இவை எல்லாம் ஒன்றாகப் போய்விடுகின்றன. அந்த நாளுக்கும் அடுத்த ஒரு வாரத்துக்கும் முன்கூட்டியே திட்டம் போட்டால், அவற்றில் இரண்டு மூன்றையாவது தக்கவைக்கலாம்.

சறுக்கினால்? சறுக்கல் நடக்கும் என்று வைத்துக்கொண்டே, தெளிவாக இருக்கும் நாளில் ஒரு தாள் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். அதில் மூன்று விஷயம் போதும். குடிக்கும் முன்பே தெரிகிற அறிகுறிகள், அதை அவரே எழுதட்டும்: சாப்பாட்டைத் தள்ளுவது, போனை அணைத்து வைப்பது, மாத்திரையை "அப்புறம்" என்பது. அந்த அறிகுறி தெரிந்தால் மனைவி கேட்க அனுமதியுள்ள ஒரே வாக்கியம், அதையும் அவரே எழுதட்டும். குடித்துவிட்டால் மறுநாள் காலை முதல் 24 மணி நேரத்துக்குள் யாருக்குப் போன், எந்த பஸ்ஸில் ஆஸ்பத்திரி. ஒரு நாள் குடித்ததை ஆறு மாதம் குடித்ததாக ஆக்குவது பெரும்பாலும் அந்த இரவுச் சண்டைதான்.

பிள்ளைகளை வேவு பார்க்க அனுப்பாதீர்கள். "அப்பா மேல வாடை வருதா பாரு" என்று கேட்கப்பட்ட பிள்ளைக்கு எந்தப் பதில் சொன்னாலும் ஒருவர் அடிபடுவார் என்று தெரியும். பத்து வயதுக்கு மேல் இருந்தால் ஒரு அமர்வுக்குக் கூட்டி வரலாம், அவர்கள் கேட்க நினைப்பதைக் கேட்க மட்டும்.

அமர்வு ஒன்றுக்கு ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம், மொத்தம் பன்னிரண்டு என்பது வழக்கம். பந்தலூரிலிருந்தோ தாண்டிக்குடியிலிருந்தோ வாரா வாரம் இருவர் கூலியை விட்டு வர முடியாது. முதல் நான்கை வாரந்தோறும் வைத்து, பிறகு மாத்திரை வாங்கும் நாளோடு சேர்த்து, நடுவில் போனில் பேசினால் தாங்கும். ஆடி மழையில் ரோடு சரிந்தால் இரண்டு வாரத்துக்கு மருந்து கையிருப்பு வேண்டும்.

அவர் வரவே மாட்டேன் என்றால் அது முட்டுச்சந்து இல்லை. ராத்திரி வண்டி வைத்து ஆளைத் தூக்கிப் போகிறவர்களிடம் மட்டும் பணம் கொடுக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கு மருத்துவப் பரிசோதனையும் நடைமுறையும் உண்டு. பதிவில்லாத மையங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. திரும்பி வந்ததும் அந்தக் கோபம் மனைவி மேல்தான் இறங்கும். மாறாக, குடும்பத்தை மட்டும் பயிற்றுவிக்கும் கிராஃப்ட் (CRAFT) என்ற முறை இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கியது. 1999இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தினரின் ஆட்கள், சிகிச்சையே வேண்டாம் என்றிருந்தவர்கள், சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி நேருக்கு நேர் மடக்கும் முறையில் அது 30 சதவீதம். செய்வது எளிமையானதுதான்: அவர் குடிக்காத மாலையில் கூட உட்கார்ந்து சாப்பிடுவது, குடித்து வந்தால் சண்டையில்லாமல் எழுந்து போவது, சிகிச்சைப் பேச்சைத் தலைவலியோடும் வெட்கத்தோடும் அவர் டீ குடிக்கிற காலை நேரத்தில், ஒரே வாக்கியத்தில் எடுப்பது. "நாளைக்கு ஆஸ்பத்திரி போறேன், நீங்களும் வர்றீங்களா?"

வரவில்லை என்றால் நீங்கள் மட்டும் போங்கள். போக முடியாத நாளில் போதை மீட்பு உதவி எண் 14446, அல்லது மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம், டெலி மானஸில் தமிழில் பேசலாம்.