65290

டிசம்பர் 11
ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்டார்கள். பெயரைவிட எண்தான் பெரிதாக அச்சாகியிருக்கிறது.

டிசம்பர் 12
அமெரிக்க இயற்கை எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்ட் தன் பண்ணையில் 97 சிக்கடிக் குருவிகளைப் பிடித்துக் காலில் எண் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். 67 குருவிகள் முதல் குளிர்காலத்தோடு சரி. 19 இரண்டு குளிர்காலம், 7 மூன்று, 3 நான்கு. ஐந்தைக் கண்டது ஒன்றுதான்: 65290. கூட்டிப் பார்த்தேன், 97 சரியாக வருகிறது. எதற்காகக் கூட்டினேனோ.

டிசம்பர் 13
தூக்கமில்லை.

டிசம்பர் 15
அது ஏன் பிழைத்தது? லியோபோல்டுக்குக் காற்றின் மேல்தான் சந்தேகம். காற்றடிக்கும் இடத்துக்குப் போகாதே, பனிப்புயலுக்கு முன் நனையாதே. இந்த இரண்டையும் குருவிகளின் வேதம்போல விளையாட்டாக எழுதுகிறார். எனக்கு விளையாட்டாகப் படவில்லை. பத்துப் பன்னிரண்டு கிராம்தான் அந்த உடம்பு. பகலில் தின்று சேர்த்த கொழுப்பை இரவெல்லாம் நடுங்கியே எரித்துத் தீர்க்கிறது. கடுங்குளிர் இரவில் உடல் வெப்பத்தைச் சுமார் 10 டிகிரி தானே குறைத்துக்கொள்ளும். விடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

ஆறாம் குளிர்காலத்தில் 65290 பொறிக்கு வரவில்லை. நாள் முழுக்க எறும்பு முட்டை உதிரும், காற்றே வீசாத காட்டில் அது இருக்கட்டும், என் வளையம் இன்னும் அதன் காலில் கிடக்கட்டும் என்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

டிசம்பர் 16
பட்டை உறுத்துகிறது.

டிசம்பர் 18
"இந்த நேரத்தில் குளிரைத்தான் படிக்க வேண்டுமா?" என்றாள் அக்கா. அவள் கொண்டுவந்ததும் நெடுநல்வாடைதான்! நக்கீரர் 188 அடி பாடியிருக்கிறார். எனக்கு அதன் தொடக்கம் போதும். விலங்குகள் மேயவே மறக்கின்றன. மந்தி நடுங்குகிறது. கன்று பால் குடிக்க வந்தால் பசு உதைத்துத் தள்ளுகிறது. கிளையில் இருந்த பறவைகள் கீழே விழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சொல்தான். பசு உதைப்பதைச் சொல்ல எத்தனை நாள் தொழுவத்தருகே நின்றிருக்க வேண்டும்! அரசியின் படுக்கையறை வரும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது; திரும்பப் பறவைகளிடமே வந்துவிடுகிறேன். விழுந்தவை எழுந்தனவா என்று அவர் சொல்லவில்லை.

டிசம்பர் 20
பரிசோதனை முடிவு இன்றும் வரவில்லை.

டிசம்பர் 21
இன்று 'வால்டன்' புத்தகம். அதை எழுதிய அமெரிக்கர் தோரோ, வால்டன் குளத்தருகே தன் குடிசை வாசலில் சோளக்கதிர்களைப் போட்டுவைத்து, அணில்கள் அடிக்கும் கொட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன். நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

டிசம்பர் 22
அதே அத்தியாயத்தில் ஒரு முயல். வாசலில், இரண்டு எட்டு தள்ளி, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எலும்பும் தோலும். கண்கள் பெரிதாக, நோய் கண்டவைபோல. இந்த இனத்தில் நல்ல ரத்தமே வற்றிவிட்டதோ என்று அவருக்குத் தோன்றுகிறது. ஓரடி முன்னால் வைக்கிறார். உறைந்த பனிமேல் வில்லாய் உடம்பை நீட்டி ஒரே பாய்ச்சல், காட்டுக்குள் போய்விட்டது.

நான்கு முறை படித்தேன்.

டிசம்பர் 23
முயல்.

டிசம்பர் 24
நாளை காலை எட்டு மணிக்கு என்றார்கள். புத்தகங்களை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஜன்னல் காற்று படாத பக்கம் கட்டிலைத் தள்ளிப் போடச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் தள்ளிப் போட்டாள்.