மூலையில் மின்னும் வட்டம்

சின்ன வயதில் தியேட்டரில் எனக்குத் திரையைவிடப் பின்பக்கம்தான் பிடிக்கும். புரொஜெக்டர் அறையின் சதுர ஓட்டையிலிருந்து வரும் வெளிச்சத்தில் தூசி மிதக்கும். "முன்னாடி பாருடா" என்று அப்பா தலையைத் திருப்பிவிடுவார்.

ஒருநாள் இடைவேளையில் ஆபரேட்டரிடம் கேட்டேன்; அவரே என்னை மேலே அழைத்துப் போனார். உள்ளே அப்படி ஒரு சூடு! இரண்டு கார்பன் குச்சிகளின் நடுவே எரியும் வெளிச்சம்தான் கீழே படமாக விழுகிறது என்று அன்றுதான் தெரிந்தது. குச்சிகள் எரிந்து குறையக் குறைய நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம்; 2,000 அடி ரீல் சுமார் 22 நிமிடம் ஓடும். முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டம் மின்னும், சில நொடி கழித்து இன்னொன்று. முதல் வட்டம் வந்ததும், அடுத்த ரீல் மாட்டிய பக்கத்து மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும்; இரண்டாவது வந்ததும் படத்தை அந்த மெஷினுக்கு மாற்றிவிட வேண்டும். கீழே யாருக்கும் தெரியக் கூடாது. அவர் கை அதை அவ்வளவு நிதானமாகச் செய்தது.

அப்புறம் கல்லூரி நண்பர்களோடு போனாலும், கல்யாணமாகி மனைவியோடு போனாலும் கண் அந்த மூலைக்குப் போய்விடும்.

இப்போது எல்லாம் டிஜிட்டல். கீறல் இல்லை, ஆட்டம் இல்லை. நல்லதுதான். ஆனாலும் மேலே ஒருவர் கண் இமைக்காமல் நமக்காகப் படம் ஓட்டுகிறார் என்ற நினைப்பு எனக்குப் பெரிய விஷயம்.

படம் பார்த்துவிட்டு இன்றும் அப்பாவுக்குப் போன் செய்வேன். கதையைக் கேட்பதற்கு முன், "படம் பளிச்சுன்னு இருந்துச்சா, சத்தம் தெளிவா கேட்டுச்சா?" என்றுதான் விசாரிப்பார்.