மழை விட்ட மறுநாள் மிஸ்ஸிங் அடிக்கும் பழைய கார்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பழைய கார் இருக்கிற வீடுகளில் காலையில் ஒரே மாதிரி சத்தம்தான். செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. மறுபடி சுற்றும், பிடிக்கிற மாதிரி வந்து அணைந்துவிடும். ஒருவழியாக ஸ்டார்ட் ஆனாலும் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடும், மொத்த வண்டியும் உதறும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுவையே இருக்காது. ஒர்க்ஷாப்புக்குப் போனால் பிளக் மாத்தணும், கார்பரேட்டர் கழுவணும், பெட்ரோல் பம்ப் பாக்கணும் என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். என்னிடம் இருப்பது 90களின் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்பரேட்டர் வண்டி. எதையும் கழற்றுவதற்கு முன்னால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கோளாறு எப்போது வருகிறது, எப்போது போகிறது?

ஸ்டார்ட் பண்ணும்போது மோசமாக இருந்து, கொஞ்ச நேரம் ஓடி எஞ்சின் சூடானதும் தானாகவே சரியாகிவிட்டால் பெட்ரோலைச் சந்தேகப்பட வேண்டாம், ஈரத்தில் கரண்ட் கசிகிறது. சூடான பிறகும் சரியாகாமல், மேம்பாலம் ஏறும்போது திணறிக்கொண்டே இருந்தால் பெட்ரோலில் தண்ணீர் இருக்கலாம். கரும்புகை தள்ளிக்கொண்டு மந்தமாக ஓடினால் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள், தேங்கிய தண்ணீரில் ஓட்டிய வண்டிக்கு இது சகஜம்.

முதல் வகைதான் பெரும்பாலும். பேட்டரி வோல்டேஜை ஏற்றிக் கொடுப்பது காயில். அதற்குள் போவது 12 வோல்ட், வெளியே வருவது 15,000, 20,000 வோல்ட். அது தடித்த ஒயர் வழியாக, கரண்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பின் நடுவில் இறங்கி, உள்ளே சுற்றும் ரோட்டர் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிந்து போக வேண்டும். அவ்வளவு வோல்டேஜுக்கு கேப்பின் மேல் படிந்த அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் போதும், அதுவே ஒரு பாதை. பிளக்கில் குதிக்க வேண்டிய பொறி குறுக்கே ஓடி எர்த் ஆகிவிடும். செல்ஃப் அடிக்கிற நேரத்தில் பேட்டரி வோல்டேஜும் இறங்கி காயிலுக்குக் குறைவாகத்தான் கிடைக்கிறது, அதனால்தான் ஸ்டார்ட்டிங்கில் தொல்லை அதிகம். எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும், நாமும் மறந்துவிடுவோம், அடுத்த மழை வரை.

பிளக் மாற்றினால் சரியாகிறதே என்று கேட்பார்கள். ஆகும், அதில்தான் ஏமாந்துபோகிறோம். தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகலமாகியிருக்கும், அதைத் தாண்ட வோல்டேஜ் அதிகம் வேண்டும், வோல்டேஜ் ஏற ஏற வழியில் கசிவதும் ஏறும். புது பிளக் போட்டால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி வந்துவிடும், ஈரக் கேப் அதைத் தாங்கிக்கொள்ளும். கேப்பில் உள்ள கோளாறு அப்படியே இருக்கும். பிளக் பழசாக ஆக, பழைய கதை திரும்பும்.

கண்ணால் பார்த்துவிட ஒரு வழி இருக்கிறது. இரவில், திறந்த இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து, விளக்கையெல்லாம் அணைத்துவிடுங்கள். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலால் பிளக் ஒயர்கள் மேலும் காயில் மேலும் மெல்லிய சாரலாக அடியுங்கள். கசிவு இருந்தால் ஒயரிலிருந்து பக்கத்து இரும்புக்கு நீலப் பொறி டிக் டிக் என்று தாவும், அதே நேரம் எஞ்சின் தடுமாறும். ஒயரைக் கையால் தொடாதீர்கள், அடி பலமாக விழும். ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது, நினைத்தபோது சுற்ற ஆரம்பிக்கும், கையும் சட்டை நுனியும் அந்தப் பக்கம் போகக் கூடாது. பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேப்பைக் கழற்றி உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ பென்சிலால் கிறுக்கினது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், அது கரண்ட் ஓடி ஓடிக் கரியான தடம். அந்தக் கேப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம், கரி உள்ளே இறங்கியிருக்கும், தூக்கிப் போடுங்கள். கோடு இல்லையென்றால் காய்ந்த துணியால் உள்ளும் வெளியும் துடைத்து மாட்டினாலே அன்றைக்கு ஓடிவிடும். ஈரத்தை விரட்ட WD-40 என்ற ஸ்பிரேயும் அடிக்கலாம், அதன் பெயரே தண்ணீரை விரட்டுவது என்ற பொருளில் வைத்ததுதான், ஆனால் அது தற்காலிகம். விரிசல் விட்ட ஒயர்களையும் கேப், ரோட்டரையும் சேர்த்து மாற்றினால்தான் தீரும். சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோட்டில் தேடலாம்.

பெட்ரோல் பக்கம் சந்தேகம் என்றால் முதலில் டேங்க் மூடியின் ரப்பரைப் பாருங்கள், பழைய வண்டிகளில் அது காய்ந்து வெடித்திருக்கும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, நெருப்பில்லாத இடத்தில் அசையாமல் வைத்தால் அடுக்கு பிரிந்து நிற்பது தெரியும். அப்படித் தெரிந்தால் டேங்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வழியில்லை, அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

எம்பிஎஃப்ஐ வண்டி, அதாவது கார்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் பெட்ரோல் பீய்ச்சும் வண்டி வைத்திருப்பவர்கள் மிஸ்ஸிங்கோடு சமாளித்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே காலி பண்ணிவிடும். அதன் விலைக்கு ஒரு டஜன் கேப் வாங்கலாம்.

கேப்பிலிருந்து ஒயர்களை உருவும் முன் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். இடம் மாறிப் போனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, சைலன்சரில் வெடிக்கும், அப்புறம் அதற்கு ஒரு தனி மெக்கானிக் வேண்டியிருக்கும்.