சந்தா எங்கே போகிறது?

நேற்று ராத்திரி வியாசர்பாடி டீக்கடையில் பக்கத்துத் தெருப் பையன் போனை நீட்டி, "அண்ணா, அமெரிக்காவுலயே சோஷலிசம் பேசுறாருண்ணா" என்று ட்விட்ச் என்கிற நேரலை வீடியோ தளத்தில் அரசியல் பேசும் அமெரிக்கர் ஹசன் பைக்கரின் லைவைக் காட்டினான். சரி, பேசட்டும், நன்றாகத்தான் பேசுகிறார். 2021ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் அவர் வாங்கிய வீடு சுமார் 27 லட்சம் டாலர், சோஷலிசம் பேசுகிறவருக்கு இவ்வளவு விலையில் வீடா என்றுதான் அப்போது அத்தனை சண்டை.

எனக்கு வீடு பிரச்சினையே இல்லை. 1918ல் நம்ம பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளிகளுக்குச் சங்கம் கட்டிய பி.பி.வாடியா வசதியான பார்சி குடும்பத்துப் பிள்ளை; 1923ல் மெட்ராஸ் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும் காசு பார்த்த வக்கீல்தான். ஆனால் சங்கத்துக்குச் சந்தா கட்டினவன் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம், வேலைநிறுத்தம் வந்தால் அந்தக் காசில் கஞ்சியாவது காய்ச்சுவார்கள். பைக்கருடைய ட்விட்ச் சேனலுக்குக் கட்டுகிற சந்தாவில் ஒரு பெரிய பங்கு, கிடங்குத் தொழிலாளிகள் சங்கம் வைக்கக் கூடாது என்று மல்லுக்கட்டுகிற அமேசானுக்குப் போகிறது, ஏனென்றால் ட்விட்ச்சை 2014லேயே அவர்கள் வாங்கிவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் பையன் சிரித்துவிட்டான். அவன் பிழைப்பே பார்சல் டெலிவரிதான், இன்னும் 11 பார்சல் பாக்கியாம், டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டான்.